சீனத்து அரண்மனையும் நம் ஊர் உணவு மண்டபமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

உண்ணும் உணவுக்கும் உண்ணும் இடத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. திண்ணையில் அமர்ந்து குடித்த கூழுக்கு ஒரு சுவை. பந்தியில் வாழையிலை முன் அமர்ந்து உண்ட விருந்துக்கு வேறொரு சுவை. இடம் மாறினால் உண்பவரின் மனநிலையும் மாறுகிறது. இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர்கள் உணவக உரிமையாளர்கள். ஆகவேதான் அவர்கள் சமையற்கட்டுக்குச் செலவிடுவதற்குச் சற்றும் குறையாமல் கூடத்தின் உள் அலங்காரத்துக்கும் செலவிடுகிறார்கள்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் நோக்கிப் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணலாம். மீன் வறுவலும் பரோட்டாவும் விற்கும் கடைகளுக்கிடையே, சிவப்புத் தூண்களும், வட்ட வாயிலும், தொங்கும் காகித விளக்குகளும், வாயைப் பிளந்த பறவை நாகமும் கொண்ட சீன உணவகங்கள் ஆங்காங்கே எதிர்ப்படும். இவ்வடிவங்கள் எங்கிருந்து வந்தன? எதற்காக வந்தன? அவற்றில் அறிவு எவ்வளவு, ஆடம்பரம் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு என்னால் இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்பியல் மாணவனுக்கு இத்தலைப்பு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் தந்தையார் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. விடுமுறை நாட்களில் நானும் உடன் செல்வதுண்டு. சென்ற ஆண்டு கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்துக்கு எட்டுத் தூண்களைச் சிவப்பாக்கும் வேலை வந்தது. இரும்புத் தூணைச் சுற்றி வளையும் பிளைவுட்டைப் போர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கோட்டு எனாமல். வேலையின் நடுவே அப்பா, "சீனாக்காரன் தூணுக்கு எதுக்குடா செவப்பு அடிக்கிறான்? நம்ம கோயில்ல கல்லு கல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடி நூலகம் சென்றதன் பயனே இக்கட்டுரை.

பெய்ஜிங் அரண்மனை

சீன உணவகங்களின் அலங்காரத்துக்கெல்லாம் மூலமாக விளங்குவது பெய்ஜிங் நகரின் நடுவிலுள்ள அரண்மனையாகும். பொதுமக்கள் நுழையக் கூடாத இடமாக இருந்ததால் அதற்கு 'விலக்கப்பட்ட நகரம்' என்று பெயர். மிங் மரபின் பேரரசர் யோங்லே காலத்தில், 1406 முதல் 1420 வரை அது கட்டப்பட்டது. மிங் மரபினர் 14 பேரும், அவர்களுக்குப் பின் வந்த மஞ்சு இனத்துச் சிங் மரபினர் 10 பேரும், ஆக 24 பேரரசர்கள் அங்கிருந்து ஆண்டனர். 1912-இல் முடியாட்சி ஒழிந்தது. கடைசிப் பேரரசர் 1924-இல் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட, 1925-இல் அது அருங்காட்சியகமாயிற்று.

அதன் பரப்பு 72 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 178 ஏக்கர். வடக்கு தெற்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர். சுற்றிலும் 10 மீட்டர் உயர மதிலும், 52 மீட்டர் அகல அகழியும் உள்ளன. தலைமை மண்டபங்கள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில், தெற்கு நோக்கி நிற்கின்றன. நம் பெருங்கோயில்களில் கோபுரம், கொடிமரம், மகாமண்டபம், கருவறை ஆகியவை ஒரே அச்சில் அமைந்திருப்பதை இங்கு நினைவுகூரலாம். அங்கே அச்சின் உச்சியில் அரசன் இருந்தான்; இங்கே இறைவன் இருக்கிறான்.

நடுநாயகமான 'தைஹே' மண்டபம் மூன்று அடுக்கு வெண்சலவைக்கல் மேடைமீது நிற்கிறது. அகலவாக்கில் 11 அங்கணங்கள், ஆழவாக்கில் 5 அங்கணங்கள். தாங்கும் மரத்தூண்கள் 72. அரியணையைச் சுற்றியுள்ள ஆறு தூண்களில் பொன்முலாம் பூசிய பறவை நாகங்கள் சுற்றியிருக்கின்றன. அரியணைக்கு நேர் மேலே விதானம் ஒரு கிணற்றைக் கவிழ்த்தாற்போல் உள்வாங்கி, அதன் நடுவில் ஒரு நாகம் கோளத்தைக் கவ்வித் தொங்குகிறது. உணவகங்களில் ஜிப்சம் பலகையால் சதுரம் சதுரமாக உள்வாங்கி அமைக்கும் ஃபால்ஸ் சீலிங் இக்கவிழ்ந்த கிணற்றின் எளிய வாரிசேயாகும். இவ்விதானத்துக்குச் சீன மொழியில் 'நீர்ப்பாசிக் கிணறு' என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. மரக் கட்டடத்துக்குப் பெரும்பகை நெருப்பு. ஆதலால் தலைக்குமேல் நீரின் சின்னத்தை வைத்தார்கள். சின்னம் எப்போதும் காக்கவில்லை. அரண்மனை முடிந்த மறு ஆண்டே, 1421-இல், இடி விழுந்து மூன்று பெருமண்டபங்களும் எரிந்து போயின. இன்று நாம் காணும் தைஹே மண்டபம் 1690-களில் மீண்டும் எழுப்பப்பட்டதாகும்.

மரக்காலும் கையும்

சீனக் கட்டடத்தின் உயிர்நாடி அதன் கூரை. ஓடு வேய்ந்த பாரமான கூரை சுவருக்கு வெளியே வெகுதூரம் நீண்டு, மழையையும் வெயிலையும் தடுக்கிறது. இத்தனை பாரத்தையும் சுவர் தாங்குவதில்லை, தூண்களே தாங்குகின்றன. சுவர் வெறும் மறைப்புத்தான். தூணுக்கும் கூரைக்கும் இடையே 'தோகோங்' எனப்படும் மரத் தாங்கிகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. 'தோ' என்பது தானியம் அளக்கும் அளவை. நம் மரக்காலைப் போன்றது. அவ்வடிவிலுள்ள கட்டையின் மேல் 'கோங்' என்னும் வளைந்த கை ஒன்று பொருந்தும். அதன் முனைகளில் மீண்டும் மரக்கால்கள். அவற்றின் மேல் அதைவிட நீண்ட கைகள். ஆணியின்றித் துளையும் கழுந்துமாகவே இவை கோக்கப்படுகின்றன.

இதன் இயற்பியலை நோக்குவோம். ஒரு தூணின் தலைமேல் நேராக உத்தரத்தை வைத்தால், பாரம் ஒரு சிறு பரப்பில் குவிந்து மரத்தை நசுக்கும். கைகள் இருபுறமும் நீளும்போது பாரம் படிப்படியாகத் திரட்டப்பட்டுத் தூணுக்குள் இறங்குகிறது. உத்தரத்தின் இடைவெளியும் குறைகிறது. இடைவெளி குறைந்தால் வளைவும் குறையும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்த பாடம். மேலும், நிலம் அதிரும்போது இம்மூட்டுகள் சற்றே நழுவி உராய்கின்றன. அதிர்வின் ஆற்றல் அவ்வுராய்வில் வெப்பமாகச் செலவாகிறது. 1056-இல் ஷான்ஷி மாநிலத்தில் கட்டப்பட்ட 67 மீட்டர் உயர மரக் கோபுரம் பல நிலநடுக்கங்களைக் கண்டும் இன்றும் நிற்கிறது.

இவ்விடத்தில் என்னை வியக்க வைத்த செய்தி ஒன்றைக் கூற வேண்டும். சோங் மரபு காலத்தில், அரசுக் கட்டட அதிகாரி லி ஜியே என்பவர் எழுதி 1103-இல் வெளியான 'யிங்சாவ் ஃபாஷி' என்னும் கட்டட நூல், உத்தரத்தின் உயரம் மூன்று பங்கானால் அகலம் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என விதிக்கிறது. செவ்வகக் குறுக்குவெட்டுள்ள உத்தரத்தின் வளைவு வலிமை, அகலத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். உருண்டையான ஓர் அடிமரத்திலிருந்து மிக வலிமையான உத்தரத்தை அறுத்தெடுக்க என்ன விகிதம் வேண்டும்? நுண்கணிதத்தால் கணக்கிட்டால் விடை 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414. லி ஜியே சொன்னது 1.5. இரண்டு உத்தரங்களின் வலிமையையும் கணக்கிட்டு ஒப்பிட்டேன். வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை! நுண்கணிதம் பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே தச்சர்களின் கை அறிவு இதைக் கண்டிருந்தது. கையால் வேலை செய்வோர் கணக்கு அறியாதவர் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

கல்லில் எழுந்த மரம்

இத்தனையும் சீனத்துக்கே உரிய செய்தி என்று நாம் விலகி நிற்க வேண்டியதில்லை. நம் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை எத்தனை முறை பார்த்திருப்போம்! அவற்றைக் கல் என்றே பார்க்கிறோம். உற்று நோக்கினால் அவை கல்லில் எழுதிய மரக் கட்டடங்கள் என்பது புலனாகும். திரௌபதி ரதம் நம் சிற்றூரின் கூரைக் குடிசை. பீம ரதம் நீண்ட வண்டிக் கூண்டு போன்ற சாலை விமானம். நகுல சகதேவ ரதம் யானையின் முதுகை ஒத்த தூங்கானை மாடம். கூரையின் இறவாணம் கல்லில் கபோதமாக வளைந்திருக்கிறது. தூணின் மேல் இருபுறமும் கை நீட்டும் போதிகை, சீனத் தோகோங் செய்யும் அதே வேலைக்காகப் பிறந்தது. பல்லவர் காலப் போதிகைகளில் அலை அலையாகச் செதுக்கியிருப்பதை மாமல்லபுரம் செல்லும் நண்பர்கள் குகை மண்டபங்களில் காணலாம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்துள்ளான். அப்படியானால் அதற்குமுன் கோயில்கள் அப்பொருள்களால் கட்டப்பட்டன என்பது தானே விளங்கும். நாம் மரத்திலிருந்து கல்லுக்கு மாறினோம். சீனர் மரத்திலேயே நின்று அதன் எல்லைவரை சென்றனர். வேர் ஒன்று, கிளை இரண்டு.

இரு நாடுகளுக்கும் கடல்வழித் தொடர்பும் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். கடற்கரைக் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவன் 720-ஆம் ஆண்டளவில் சீனத்துக்குத் தூது அனுப்பியதையும், சீனப் பேரரசரின் பெயரால் ஒரு கோயில் எடுத்து அதற்குப் பெயர் வேண்டியதையும் சீன ஆவணங்கள் கூறுகின்றன. நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என வழங்கிய செங்கல் கோபுரம் ஒன்று 1867-இல் இடிக்கப்படும் வரை மாலுமிகளுக்குக் கலங்கரை விளக்கம் போல் அடையாளம் காட்டி நின்றது. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அவ்வூர்க் கையுவான் பௌத்தக் கோயிலில், அழிந்துபோன சிவன் கோயிலின் தூண்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. நம் தூண் அங்கே சென்றது; அவர்கள் தூண் இங்கே உணவகத்துக்கு வந்திருக்கிறது. 2019 அக்டோபர் 11, 12 நாட்களில் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்து, ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிப் பார்த்தது யாவரும் அறிந்ததே.

வண்ணமும் எண்ணும்

இனி என் தந்தையாரின் வினாவுக்கு வருவோம். தூணுக்குச் சிவப்பு எதற்கு? முதற்காரணம் மரத்தின் பாதுகாப்பு. திறந்த மரம் ஈரத்தாலும் பூச்சியாலும் அழியும். சீனத் தச்சர்கள் தூணைச் சணல் நாரால் சுற்றி, செங்கல் பொடி, பன்றி இரத்தம், துங் எண்ணெய் முதலியவை கலந்த சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசி, தேய்த்து, அதன் மேல் வண்ணம் ஏற்றினர். நாங்கள் பட்டி பார்த்து உப்புத்தாள் போடுவதன் மூத்த அண்ணன் இம்முறை! இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தோன்றியது.

இரண்டாவது காரணம் பொருள். சிவப்பு மங்கலத்தையும் நெருப்பையும் தெற்குத் திசையையும் குறிக்கும். மஞ்சள் மண்ணையும் நடுவையும் குறிக்கும். ஆகவே அது பேரரசருக்கு உரியது. அரண்மனைக் கூரைகள் மஞ்சள் மெருகு ஓடு வேய்ந்தவை. இளவரசர் இருப்பிடங்களுக்குப் பச்சை. நூலகத்துக்கு மட்டும் கரிய ஓடு. கருமை நீரைக் குறிக்கும், நூல்களை நெருப்பிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. ஒற்றை எண்களில் பெரியது 9. எனவே அரண்மனைப் பெருங்கதவுகளில் வரிசைக்கு 9 குமிழாக 9 வரிசை, மொத்தம் 81 குமிழ்கள். ஐந்து நகமுள்ள பறவை நாகம் பேரரசருக்கே உரிய சின்னம். கூரை விளிம்பில் அமரும் சிறு விலங்கு உருவங்களின் எண்ணிக்கைகூடக் கட்டடத்தின் தகுதியைக் காட்டும்; முழுதாகப் பத்து உருவங்கள் தைஹே மண்டபத்துக்கு மட்டுமே உண்டு.

மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு. இவ்வழகெல்லாம் ஒரு வேலியாகவும் இருந்தது. மிங் காலச் சட்டப்படி, சாதாரணக் குடிமகன் வீடு மூன்று அங்கணங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. தோகோங் வைக்கக் கூடாது. உத்தரத்துக்கு வண்ணம் தீட்டக் கூடாது. அதாவது, அந்தத் தாங்கியைச் செதுக்கிய தச்சனும், அந்தத் தூணுக்கு வண்ணம் பூசியவனும் தம் வீட்டில் அவற்றை வைத்துக்கொள்ள இயலாது. செய்தவனுக்கே விலக்கப்பட்ட அழகு அது.

அரண்மனை உணவகமான கதை

அரண்மனையில் பேரரசருக்கென நிலையான உணவு மண்டபம் கிடையாது. அவர் இருக்கும் இடத்துக்கு மேசையும் உணவும் வரும். அப்படியிருக்க அரண்மனை வடிவம் எப்படி உணவகத்தின் சட்டையாயிற்று?

ஒரு வழி பெய்ஜிங்கிலேயே உண்டாயிற்று. பேரரசர் வெளியேற்றப்பட்டபின் வேலையிழந்த அரண்மனைச் சமையற்காரர்கள் சிலர் 1925-இல், அப்போது பூங்காவாகத் திறந்துவிடப்பட்ட பெய்ஹாய் தோட்டத்தில் 'ஃபாங்ஷான்' என்னும் உணவகத்தைத் தொடங்கினர். அரசன் உண்ட பண்டம் அன்றுமுதல் காசு கொடுத்தவர்க்கெல்லாம் கிடைத்தது.

மற்றொரு வழி கடல் கடந்தது. அமெரிக்காவில் 1882-இல் சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1906-இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பு அழிந்தபோது, அவர்களை நகருக்கு வெளியே தள்ளிவிடவும் முயற்சி நடந்தது. சீன வணிகர்கள் முந்திக்கொண்டு, அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டே வளைந்த கூரைகளும் அடுக்குக் கோபுரங்களும் உடைய கட்டடங்களை எழுப்பினர். உள்ளே செங்கலும் இரும்பும்; வெளியே அரண்மனை முகம். பார்வையாளர் திரண்டனர், குடியிருப்பும் நிலைத்தது. 1915-இல் உணவக உரிமையாளரையும் வணிகராகக் கருதலாம் என நீதிமன்றத் தீர்ப்பு வரவே, சீன உணவகங்கள் பெருகின. ஆகவே சிவப்புத் தூணும் வளைந்த கூரையும் வெறும் பகட்டாகப் பிறக்கவில்லை. அந்நிய மண்ணில் வாழ இடம் தேடியவர்கள் அணிந்த கவசம் அவை.

இந்தியாவில் கல்கத்தாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் சீனர் குடியேறினர். சென்னையிலும் பல் மருத்துவர்களாகச் சில சீனக் குடும்பத்தார் தலைமுறைகளாக வாழ்ந்தனர். பெருநகர விடுதிகளில் தொடங்கிய சீன உணவு, பின் தள்ளுவண்டி வரை இறங்கியது. நாம் விரும்பிக் கேட்கும் 'மஞ்சூரியன்' என்ற பண்டம் 1970-களில் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் உருவாக்கியது என்பர். கடைசிப் பேரரசர்களின் இனப்பெயர் அதற்கு. ஆனால் எந்த மஞ்சு அரசரும் அதை உண்டிருக்க முடியாது!

நம் நாட்டிலும் உணவு விடுதியின் வரலாறு உட்காரும் உரிமையின் வரலாறே. என் பாட்டனார் இளமையில், பக்கத்துச் சிற்றூரின் தேநீர்க் கடையில் பெஞ்சியில் அமர இயலாது. வெளியே குந்தி, தனிக் குவளையில் குடித்து, தானே கழுவி வைக்க வேண்டும். 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மதம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று உணவகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கோயில், பள்ளி போன்றே சாப்பாட்டுக் கூடமும் சமத்துவத்தின் களம் என்பதைச் சட்டம் இயற்றிய சான்றோர் நன்கு அறிந்திருந்தனர்.

மேற்சொன்ன எட்டுத் தூண் வேலை முடிந்த அன்று, அவ்வுணவகத்தார் வேலையாட்கள் அனைவரையும் அக்கூடத்திலேயே அமரச் சொல்லி உணவு பரிமாறினர். அப்பா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். "நல்லா உட்காருப்பா" என்றேன். "சட்டையில பெயிண்டு இருக்கு, துணியில ஒட்டிக்கும்டா" என்றார். சட்டம் தந்த உரிமை நாற்காலியின் நுனியிலிருந்து சாய்மானம்வரை போய்ச் சேர இன்னும் ஒரு தலைமுறை ஆகும் போலும் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

கூடத்தை அமைக்கும் முறை

அரண்மனை வடிவத்தை உணவகத்துள் கொண்டுவருவோர் கவனிக்க வேண்டிய அறிவியல் செய்திகள் சில உண்டு.

ஒளி: பகலொளியில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியை மிகுதியாக உணர்கிறது, மங்கிய ஒளியில் அவ்வுச்சி 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப்பச்சை பக்கம், நகர்கிறது. இதனை புர்கின்யே விளைவு என்பர். ஆகவே விளக்கைக் குறைத்தால் சிவப்புத் தூண் கறுத்துப்போகும். வெள்ளை எல்.இ.டி. போட்டாலோ சிவப்பு வெளிறி, உணவின் நிறமும் கெடும். மஞ்சள் சாயலுள்ள விளக்கைத் தூணின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்துவதே தக்கது.

ஒலி: கூடத்தில் ஒலி தேய்ந்து அடங்கும் நேரம், அறையின் கன அளவுக்கு நேர் விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்பது சபைன் விதி. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி 0.8 நொடியில் அடங்க வேண்டுமானால் ஏறத்தாழ 56 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்பு வேண்டும். டைல்ஸும் கண்ணாடியும் மட்டும் இருந்தால் இது கிடைக்காது, பேச்சு இரைச்சலாகும். ஒலியில் விழும் நூறு பங்கில் எழுபதை உறிஞ்சும் பலகைகளை 80 சதுர மீட்டர் விதானம் முழுவதும் வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். உள்வாங்கிய விதானச் சதுரங்கள் இதற்கு நல்ல இடம்.

உப்புக் காற்று: நம் கடற்கரையில் காற்றிலுள்ள உப்பு இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பிளைவுட்டுக்குள் மறைந்த இரும்புத் தூணுக்குத் துருத்தடுப்புப் பூச்சு இல்லையேல், வெளியே சிவப்புப் பளபளக்க உள்ளே தூண் இற்றுவிடும். அலங்காரம் பழுதை மறைக்கக் கூடாது.

தீ: பெய்ஜிங் அரண்மனையில் தீயணைக்க நீர் நிரப்பிய பெரிய கொப்பரைகள் முந்நூற்றுக்கு மேல் வைத்திருந்தனர். இன்றைய கூடத்திலோ பிளைவுட், தெர்மோகோல், திரைச்சீலை, விதானத்துக்குள் மின்கம்பிகள், அடுத்த அறையில் எரிவாயு. மரச்சல்லடைத் தடுப்புகள் வெளியேறும் வழியை அடைத்துவிடக் கூடாது. வட்ட வாயில் அழகானது. அது அரண்மனை மண்டபத்தைவிடச் சீனத் தோட்டங்களுக்கே உரியது. ஆனால் அதன் அடிவிளிம்பு காலைத் தடுக்கும். நெருக்கடியில் மக்கள் ஓட அது உதவாது. எனவே அவசர வழி வேறாக இருத்தல் வேண்டும்.

நம் கரைக்கு எது பொருந்தும்?

இனி முக்கியமான வினா. மாமல்லபுரக் கரையில் சீன அரண்மனை வேண்டுமா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிறர் வடிவத்தைக் கண்டு மகிழ்வது குறுகிய மனத்துக்கு மருந்து. ஆனால் எதை எடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பிளாஸ்டிக் பறவை நாகத்தைப் பெட்டியில் வரவழைத்துச் சுவரில் ஆணி அடிப்பது எளிது. அதில் நம் ஊர்க் கைகளுக்கு வேலையில்லை. சீனக் கலையின் தோலை விட்டு அதன் நெறியை எடுத்தால் நம் கைகளுக்கு வேலை வரும். தூணும் உத்தரமும் தம் வேலையை ஒளிக்காமல் காட்டுதல், எல்லா அளவுகளையும் ஒரே அளவுகோலிலிருந்து பெறுதல், நுழைவாயிலிலிருந்து நடுக்கூடம் வரை படிப்படியாக விரித்தல் ஆகியவையே அந்நெறி. இந்நெறிகள் நம் சிற்ப நூல்களுக்கும் அந்நியமல்ல.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் இயங்கி, இன்று கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. அவ்வூர்ச் சின்னங்கள் 1984-இல் உலக மரபுச் சின்னங்களாயின. 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியோசை ஓயாத அத்தெருக்களிலிருந்து சில மைல் தொலைவில், உணவகத்துக்கு நாகம் மட்டும் பிளாஸ்டிக்கில் வருவானேன்? அதைக் கல்லில் செதுக்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். தோகோங்கையும் போதிகையையும் அருகருகே வைத்து, இரண்டும் செய்யும் வேலை ஒன்றே என்று உண்ண வருவோர்க்குக் காட்டும் கூடம் ஒன்றை நம் தச்சரும் சிற்பியரும் இணைந்து அமைத்தால், அது உணவகம் மட்டுமன்று. ஒரு பாடசாலையும் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீன உணவகங்களில் நாம் காணும் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு பொறியியல் காரணமும், ஒரு நம்பிக்கையும், ஒரு மனிதப் போராட்டமும் உள்ளன என்பது விளங்கும். குடிமகன் தன் வீட்டில் வைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்த தாங்கிகளின் கீழே, இன்று ஒரு தட்டுச் சோறு வாங்கும் எவரும் அமரலாம். அரண்மனைக் கலை சிதைந்துவிட்டதே எனக் கலை அறிஞர் சிலர் வருந்தக்கூடும். பேரரசருக்கு மட்டும் உரியதாய் இருந்த அழகு பொதுச் சொத்தானதை நான் வளர்ச்சி என்றே கருதுகிறேன். அவ்வளர்ச்சி முழுமை பெற இரண்டு வேண்டும். அழகைச் செய்பவனுக்கு அதன் அறிவு தெரிய வேண்டும். அதனடியில் அவன் அச்சமின்றி அமரவும் வேண்டும். முதலாவதற்கு நம்மைப் போன்ற மாணவர் வகுப்பறையில் கற்பதை வேலைத்தளத்துக்குக் கொண்டு செல்லக் கடமைப்பட்டவர்கள். இரண்டாவதற்கு நாம் அனைவருமே கடமைப்பட்டவர்கள்.